செம்மண் மேட்டுக்கு எந்த வெயிட்?

மோட்டார் சைக்கிளுக்குப் பிளைவீல் வெயிட் வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை கிராம் என்பதை. கேட்க வேண்டியது, பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை. போன மாதம் அதைச் சோதிக்கத்தான் கேமரன் மலைக்குப் போவதாக ஈப்போவில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். பொய்தான். செல்வியைப் பார்க்கப் போனேன்.

செல்வி தானா ராத்தாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அவளுக்குக் கடல் தாண்டிக் கூச்சிங்கில் வேலை கிடைத்துவிட்டது, மூன்று வருட ஒப்பந்தம். "நான் வெயிட் பண்ணட்டுமா?" என்று செய்தி அனுப்பினேன். படித்தாள், பதில் இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றுவோம் என்று, "மோட்டாருக்குப் பெரிய வெயிட் போட்டுக் கொண்டு வரவா?" என்று கேட்டேன். உடனே வந்தது பதில்: "வெயிட் வேணாம்லா."

செல்லமாக ஒட்டிய அந்த 'லா' ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்கே பெரியதைக் கழற்றிச் சின்னதை மாட்டினேன்.

தெரியாதவர்களுக்கு: என்ஜினின் இடதுபக்க மூடிக்குள் சுழல்வது பிளைவீல். அதன்மேல் முறுக்கிப் பொருத்தும் இரும்பு வளையம்தான் வெயிட். பெரியது இருந்தால் என்ஜின் மெதுவாக ஓடும்போதும் சட்டென்று அணையாது, சேற்றில் பின் சக்கரம் வீணாகச் சுற்றாது. சின்னது இருந்தால் ஆக்சிலரேட்டரைத் திருகியவுடன் பாயும். என்னிடம் இருப்பவை 340 கிராமும் 170 கிராமும்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு முனியாண்டி அண்ணனின் காய்கறி லோரியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கிளம்பினோம். மேலே போகும்போது லோரி காலிதான். திரிங்காப்பில் இறக்கிவிடும்போது அவர் கேட்டார்: "தம்பி, மோட்டார பாக்கப் போறியா, ஆள பாக்கப் போறியா? மொகத்துலயே தெரியுதுலா." நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க நிறுத்திய கார்கள் நெடுக நின்றன. வார இறுதியில் காரில் வருகிறவர்கள் அங்கே கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

தோட்டத்துப் பாதை தனியார் இடம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். லயத்துக்கு முன்னால் இருக்கிற செம்மண் மேடு இரவு மழையில் வழவழத்துக் கிடந்தது. பாதியில் என்ஜின் அணைந்தது. கிளப்பினால் சக்கரம் சுற்றியது, சுற்றாவிட்டால் மறுபடி அணைந்தது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்வி, பொறுக்கமுடியாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"பெரிய வெயிட் எங்க?"

"நீதான வேணாம்னு சொன்ன?"

என்னையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அய்யோ குமரா, நான் மோட்டார சொல்லலையே."

அவள் சேற்றைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போனாள். "மூணு வருசம். அப்புறம் அங்கயே இருக்கச் சொன்னாலும் சொல்வாங்க. எனக்காக நீ ஏன் உக்காந்துகிட்டு இருக்கணும்?"

"நீ சொன்னேன்னு வெயிட்ட எடுத்தேன். மேட்டுல என்னா ஆச்சுன்னு பாத்தல்ல?"

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்று சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவருமாக மோட்டாரை மேலே தள்ளினோம். அதற்குமேல் அவள் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கூச்சிங் போய்விட்டாள். இப்போதெல்லாம் போன் எந்தப் பக்கம் அடித்தாலும் அவள்தானோ என்று மனசு ஓடுகிறது. அவ்வளவு ஏக்கமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெயிட் மாட்டியபின் மூடியில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். பெரியது போட்டால் இறக்கத்தில் என்ஜின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது குறையும், பிரேக்கை நம்புங்கள். தனியாக ஓட்டுகிறவர்களுக்கு, காய்ந்த பாதையில், சின்னதே தாராளம். இரண்டு பேர் மழைக்காலத்தில் ஏறுவதானால்தான் பெரியது வேண்டும்.

ஈப்போ திரும்பிய அன்றே நான் பெரியதை மாட்டிவிட்டேன். ஒற்றை ஆளுக்கு அது அதிகம்தான், தெரியும். இருக்கட்டும்.