கேத வீட்டுக்கு முதல் குடம்

அது 1993 ஏப்ரல். தேதி நினைவில்லை. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சையில் கணக்குக்கும் அறிவியலுக்கும் நடுவே ஒரு நாள் விடுமுறை விட்டார்கள், அந்த நாள். திண்டுக்கல்லில் குழாய்கள் வறண்டு, எங்கள் தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்த கோடை.

சித்தப்பா விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் இயற்கைத் தேர்வைக் கொண்டு எங்களுக்கு உலகத்தை விளக்கினார். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாறுவதற்கும் அப்பா கோபப்படுவதற்கும் அவரிடம் ஒரே காரணம் இருந்தது: பிழைத்துச் சந்ததி பெருக உதவும் குணம் தங்கும், மற்றது உதிரும். கல்யாணமே செய்துகொள்ளாத மாதா கோயில் பங்குச் சாமியாரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று காலை கடைசி வீட்டுத் தாத்தா இறந்துபோனார். பிள்ளைகள் இல்லாதவர். அவர் மனைவி, எங்கள் பந்து அந்த வாசலில் விழுந்தால் திருப்பித் தராதவர். காரியம் முடிந்ததும் ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்கே போய்விடுவார் என்று தெருவுக்கே தெரியும்.

சாவு விழுந்த வீட்டைக் கேத வீடு என்போம். அந்த வீட்டார் தண்ணீர் வரிசைக்கு வரமாட்டார்கள். வரிசையில் முதலில் நிற்பவர் தன் குடத்தை அங்கே ஊற்றிவிட்டு, கடைசியில் போய் நிற்க வேண்டும். இது தெருவின் வழக்கம்.

அன்று முதலில் நின்றது அம்மா. தங்கைக்கு அம்மை இறங்கியிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று விடியுமுன்பே போய் நின்றிருந்தாள். லாரி பாதி லோடுதான் கொண்டுவந்தது. வீட்டுக்கு ஒரு குடம், அதுவும் கடைசி ஆட்களுக்குச் சந்தேகம் என்றார் டிரைவர்.

குடம் நிறைந்தது. சித்தப்பா குறுக்கே வந்து நின்றார்.

“மதினி, உசுரோட இருக்கிற பிள்ளைக்கா, செத்துப்போனவருக்கா? எந்த மிருகமும் இப்பிடிச் செய்யாது.”

“நாளைக்கு நம்ம வீட்டுல ஒண்ணுன்னா நாலு பேரு வேணும்ல தம்பி.”

“அது கைமாறு. அதுவும் இயற்கைத் தேர்வுதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தம்மா ஊரைவிட்டே போகுது. கைமாறு யாரு செய்வா?”

“தெரு பாக்குதுல்ல?” என்றார் பின்னால் நின்ற எதிர்வீட்டு அக்கா.

“அது நல்ல பேரு. அதுலயும் லாபம் இருக்குக்கா.”

“இவரு பேசி முடிக்கிறதுக்குள்ள லாரித் தண்ணி ஆவியாப் போயிரும் போல!” என்றார் அக்கா.

வரிசை சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. குடத்தின் விளிம்பில் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

“இம்புட்டு வெளக்கம் சொல்றியே தம்பி. அப்ப அங்க ஊத்த வேண்டாம்ங்கிறியா? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்.”

சித்தப்பா கடைசி வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே பந்தலுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு குனிந்து குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டை நோக்கி நடந்தார். சட்டையெல்லாம் தண்ணீர் சிந்தியது.

எங்கள் முறை மறுபடி வந்தபோது லாரிக் குழாயில் காற்றுதான் வந்தது.

சாயங்காலம் சித்தப்பா சைக்கிள் கேரியரில் இரண்டு கேன்களைக் கட்டினார். அகரம் பக்கம் யாரோ சிநேகிதர் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதாம். மறுநாள் அந்தத் தண்ணீரில்தான் வேப்பிலை போட்டு, வெயிலில் வைத்து, தங்கைக்கு ஊற்றினார்கள். அன்று கேன்களைக் கட்டும்போது கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன்:

“அம்மாவுக்குப் பயந்துட்டீங்களா சித்தப்பா?”

“பயமில்லடா. அந்தக் குணம் எப்பிடி வந்துச்சுன்னு நான் படிச்சிருக்கேன். உங்கம்மா வேற பாடத்துல கேட்டுருச்சு.”

மறுநாள் எனக்கு அறிவியல் பரீட்சை. பாடத்தில் இல்லாத கேள்வி வந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் ராத்திரி அப்பா விசாரித்தபோது, சித்தப்பாவுக்காக மிகவும் வருத்தப்பட்டுத்தான் சொன்னேன்: பாவம், அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.