கொழும்புக்குப் போகாத செய்தியாளர்

மச்சான் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, மைக்கை வாயருகே பிடித்தபடி, "நேயர்களே, நான் இப்போது கொழும்பில், கண்காட்சி மண்டபத்தின் நடுவில் நிற்கிறேன்" என்று சொன்ன காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவர் நிற்கவில்லை. கண்டியில், தன் வீட்டுக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அறையில் குரல் எதிரொலிக்காமல் இருக்கத்தான் போர்வை. உள்ளே வியர்த்துக் கொட்டியது. குரலில் மட்டும் அப்படியொரு கம்பீரம்.

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் பொட்காஸ்ட் நடத்துபவர். தன்னை 'மூத்த விமர்சகர்' என்று தானே அறிமுகப்படுத்திக்கொள்வார். ஒலிப்பதிவும் வெட்டி ஒட்டுவதும் என் வேலை. அந்த வருடம் கேம் தயாரிப்பாளர்களின் கண்காட்சி கொழும்பில் மூன்று நாட்கள் நடந்தது. இலவச ஹோட்டல் அறை கிடையாது என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னதும் மச்சானுக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிட்டது. "அங்க பெய்த்து என்னத்தக் காண? எல்லாம் நெட்ல ஈக்கிதானே" என்றார். நேரில் போகத் தேவையே இல்லையாம். கூட்டத்தின் இரைச்சல் வேண்டுமென்று என்னைக் கண்டி பஸ் நிலையத்துக்கு அனுப்பினார். நானும் வெட்கமில்லாமல் போய்ப் பதிவுசெய்து வந்தேன். இரைச்சலுக்குள் ஒரு கண்டக்டர் பக்கத்து ஊருக்கு ஆள் சேர்க்க "கம்பளை, கம்பளை" என்று கூவியதை நான் கவனிக்கவில்லை. நேயர் ஒருவர் கவனித்து எழுதிக் கேட்டார். அது புதிதாக வந்திருக்கும் வெளிநாட்டுக் கேம் ஒன்றின் பெயர் என்று மச்சான் பதில் போட்டார். கூச்சம் என்பது அந்த மனிதரின் உடம்பில் மருந்துக்கும் கிடையாது.

அத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் தன் கேமை எங்களுக்கு அனுப்பியிருந்தாள். பனிமூட்டத்துக்குள் கொழுந்து ஏற்றிய லொறியை மலையிலிருந்து பத்திரமாக இறக்கவேண்டும். பழைய கணினியொன்றில் தனியாளாக மூன்று வருடம் உட்கார்ந்து செய்தது. கண்காட்சியில் அவளுக்கு ஒரு சின்ன மேசை கிடைத்திருந்தது. யாராவது விளையாடிப் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் தொடர்வது, இல்லாவிட்டால் கண்டியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போவது என்று வீட்டில் பேச்சு. அதையும் அவளே எழுதியிருந்தாள். கட்டாயம் வருகிறோம் என்று மச்சான் பதில் அனுப்பினார். பிறகு போர்வைக்குள்ளிருந்து, "அந்தத் தங்கையின் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம், எனக்கே இடம் கிடைக்கவில்லை" என்று உருகினார். அவர் குரலுக்கு அடியில் பஸ் நிலைய இரைச்சலை ஏற்றி இறக்கியது நான்.

கண்காட்சி முடிந்த மறுநாள் அவள் என்னை அழைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"மூணு நாளும் தனியாத்தான்ணே உக்காந்திருந்தேன். நீங்க வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். வந்து ஒரு கொறையாச்சும் சொல்லிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன்."

மச்சானைச் சொல்லி என்ன? அந்தக் கேமைப் பற்றி இருபது நிமிடப் புகழ்ச்சியை வெட்டி ஒட்டிய நான், அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்கவில்லை. மச்சானை எவ்வளவு இகழ்ந்தேனோ, அதே அளவு என்னையும் இகழ வேண்டியிருந்தது.

அன்று முழுவதும் விளையாடினேன். மூன்றாவது வளைவில் லொறி ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் விழுந்தது. பனிமூட்டம் பாதையை முழுதாக மறைத்தது, பிரேக்கும் தாமதித்தே பிடித்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை. திரும்ப அழைத்து இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

"கொஞ்சம் இருங்கண்ணே, எழுதிக்கிறேன்" என்றாள். எந்த இடத்தில், என்ன வேகத்தில், எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். மச்சான் இதைக் கேட்டிருந்தால் ஆளை ஊக்கப்படுத்தத் தெரியாதவன் என்று என்னைக் கடிந்திருப்பார். அவர் இப்போது இளைஞர்களுக்கு ஊடகப் பயிற்சி வகுப்பு எடுக்கிறார். நான் அவரோடு வேலை செய்வதில்லை.

எழுதி முடித்த பிறகு கேட்டாள்.

"இதெல்லாம் திருத்திரலாம்தானேண்ணே? அப்ப துணிக்கடையில வரலன்னு சொல்லிரவா?"

அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது? ஆனால் அவள் கேமை விளையாடிப் பார்த்திருந்த ஒரே ஆள் நான்தான்.

"சொல்லிருங்க தங்கச்சி" என்றேன்.