வரத்து கேட்காமல் வாங்கிய காசு

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன் நான். ஏலக்கூடத்துக்குள் நுழைந்ததும் விலையைக் கேட்க மாட்டேன். "இன்னைக்கு வரத்து எம்புட்டுண்ணே?" என்பதுதான் முதல் கேள்வி. சரக்கு குவிந்து கிடந்தால் விலை ஏறாது.

அப்படிப்பட்ட நான், ஒரு கிரிப்டோ நாணயம் ஒரு பைசாவுக்குக் கிடைக்கிறதென்று தங்கையிடம் போய் நின்றேன். புருஷனை இழந்தவள். குரங்கணியில் இருந்த காப்பித் தோட்டத்தை அப்போதுதான் விற்றிருந்தாள்.

"ஒரு ரூபா ஆனாப் போதும் ஆத்தா, நூறு மடங்கு."

முழுப் பணத்தையும் என்னை நம்பித் தந்தாள்.

போன மாதம் ஏலக்கூடத்தில் வழக்கம்போல வரத்தைக் கேட்டேன். கேட்டதுமே உறைத்தது. அந்த நாணயம் மொத்தம் எத்தனை இருக்கிறதென்று நான் பார்த்ததே இல்லை!

வெளியே வந்து போனில் தேடினேன். பல நூறு லட்சம் கோடி நாணயம் புழக்கத்தில் இருந்தது. ஒரு நாணயத்தின் விலையை அந்த எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதுதான் சந்தை மதிப்பாம். நான் ஆசைப்பட்ட ஒரு ரூபாயை வைத்துப் பெருக்கினேன். நாட்டின் பெரிய கம்பெனிகளையெல்லாம் சேர்த்து விற்றாலும் எட்டாத தொகை வந்தது. பைசாவுக்குக் கிடைத்ததே, அது அவ்வளவு குவிந்து கிடந்ததால்தான். அந்த ஒரு பைசாவும் இப்போது தேய்ந்துவிட்டது.

தங்கை தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். "அண்ணே, ரூபாய்க்கு இன்னும் எம்புட்டுக் கொறையுது?"

அவளுக்கு நான் இன்னும் பெருக்கிக் காட்டவில்லை. ஏறும் என்றும் இப்போது சொல்வதில்லை. "சாப்ட்டியா ஆத்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்துவிடுகிறேன்.