காவ்ரிலும் ரொய்பாவின் இடது கண்ணும்

காவ்ரில் ஹொய்போத்தா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஐம்பத்திரண்டு வயது. வெட்டிய மரங்களைக் குதிரை கட்டி மலையிலிருந்து இழுத்து வருவதுதான் பதினாறு வயதிலிருந்து அவர் தொழில். டிராக்டர் ஏறாத சரிவென்றால் எங்கள் புக்கோவினா மலைநாட்டில் எங்கிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். பாதையில் எப்போதும் குதிரைக்கு இடப்பக்கம் நடப்பார். மரத்தோடு இறங்கும்போது பள்ளம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். "பள்ளத்துக்கும் குதிரைக்கும் நடுவுல ஒரு மனுஷன் நிக்கணும்" என்பார்.

போன ஆகஸ்டில் அவருடைய செவலைக் குதிரை ரொய்பாவுக்குக் கொசுவால் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் எழுந்துவிட்டது. ஆனால் தொட்டியில் வலப்பாதித் தீவனத்தை மட்டும் தின்றது. வெளியே விட்டால் வலப்புறமாகவே வட்டமடித்தது.

"என்ன காவ்ரில், குதிரைக்கு டான்ஸ் கத்துக் குடுக்கிறியா?" என்று வேலிக்கு வெளியே ஒருவர் கேட்டார்.

"உன் மக கல்யாணத்துல ஆட ஆள் வேணாமா?"

அவர் மனைவி சாவெத்தா சிரிக்கவில்லை. "அதுக்குக் கண்ணு சரியில்ல. அதோட மலைக்குப் போனா நீ திரும்பி வரமாட்டே."

"டாக்டரம்மா பாக்கட்டும். கண்ணு தெரியலேன்னு சொன்னா நானே நிறுத்திடுறேன்."

கால்நடை டாக்டர் ஒத்திலியா செப்டம்பரில் வந்தார். சாவெத்தாவோடு நாங்களும் பக்கத்தில் நின்று பார்த்தோம். வந்ததும், "கடிவாளத்துல இருக்கிற குஞ்சத்தை அவுத்துடுங்க" என்றார். கன்னத்துக்கு ஒன்றாகத் தொங்கும் சிவப்புக் கம்பளிக் குஞ்சம். அது இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் குதிரையை அடுத்தவர் கண்ணில் காட்டமாட்டார்கள்.

"முடியாது டாக்டரம்மா. யாரோ கண்ணு வச்சுத்தான் இப்படிக் கிடக்கு. இப்பப் போய் அவுக்கவா?" என்று காவ்ரில் மூன்று முறை துப்பினார்.

டாக்டரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு, சரி என்று விட்டுவிட்டார்.

விரித்த கையை வலது கண்ணை நோக்கி வேகமாகக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். ரொய்பா இமைத்தது. "கை வர்றதைக் கண்ணு பாக்கணும், அதை மூளை புரிஞ்சுக்கணும். அப்பத்தான் இமைக்கும்" என்றார். அடுத்து இடது கண். அதுவும் இமைத்தது. அவர் மணிக்கட்டு குஞ்சத்தில் பட்டதையும், அதன் நூல்கள் எழும்பிக் கண்ணிமை முடியைத் தொட்டதையும் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. டார்ச் அடித்தபோது இரண்டு கண்பாவைகளும் சுருங்கின.

"பார்வை கெட்டாலும் வெளிச்சத்துக்குப் பாவை சுருங்கலாம். எனக்கு முழு நிம்மதி இல்ல. பத்து நாள் கழிச்சு ஒரு கண்ணைக் கட்டி நடக்கவிட்டுப் பாக்கலாம். அதுவரைக்கும் வேலை வேணாம்."

"இமைச்சுச்சா, இல்லையா?"

"இமைச்சுது."

"அப்ப சரி."

மூன்றாம் நாள் காலை காவ்ரில் ரொய்பாவோடு மலையேறிவிட்டார்.

நண்பகலில் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பிய சாவெத்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். கேட்டைத் தாண்டும்வரை அவர் குதிரைக்கு முன்னால்தான் நடப்பார். போகும்போது இடப்பக்கம் வரும் கேட்டுத் தூணில் செவலை மயிர் ஒட்டியிருந்தது. கீழே ஒரு சிவப்புக் குஞ்சம் அறுந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்து உதறிப் பார்த்தாள். நூல்கள் விசிறிபோல எழும்பின. அன்று ஏன் இமைத்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவர் மரத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நில்லுய்யா! அதுக்கு இடது கண்ணு தெரியாது!"

"ஏண்டி கத்துற? மிரளப் போகுது."

அவள் குஞ்சத்தைத் தூக்கிக் காட்டினாள். ரொய்பாவின் வெறும் கன்னத்தை அவர் அப்போதுதான் கவனித்தார். கையை விரித்து அந்தக் கண்ணை நோக்கிக் கொண்டுபோனார். இமைக்கவில்லை. இன்னொரு முறை. தெளிவான, பெரிய கண். அவர் கை அதில் தெரிந்தது. ரொய்பாவுக்குத்தான் தெரியவில்லை.

"மரத்துச் சங்கிலியைக் கழட்டிடுறேன்" என்றார் மெதுவாக.

வலப்பக்கமாகப் போயிருக்கலாம். முப்பத்தாறு வருடப் பழக்கம் கால்களை இடப்பக்கமே கொண்டுபோனது. தெரியாத பக்கத்திலிருந்து விலாவில் ஒரு கை பட்டதும் ரொய்பா துள்ளி வலப்புறம் திரும்பியது. மரத்தின் வால்பகுதி இடப்பக்கம் வீசியடித்தது. அவர் அங்கேதான் நின்றிருந்தார்.

வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர், "நான் பிடிவாதமா அவுக்கச் சொல்லியிருக்கணும்" என்றார். "விடாதவன் நான்தானே" என்றார் காவ்ரில்.

இப்போது டாக்டர் எந்த லாயத்துக்குப் போனாலும் காவ்ரில் ஊன்றுகோலோடு வந்துவிடுகிறார். உரிமையாளர் முறைத்தாலும் குஞ்சத்தைத் தானே அவிழ்த்துக் கைக்குள் வைத்துக்கொள்கிறார். சோதனை முடிந்ததும் துப்பிவிட்டு மறுபடி கட்டுகிறார்.

இந்த ஆகஸ்டிலும் கொசு அதிகம். இதுவரை மூன்று குதிரைகளைச் சோதித்திருக்கிறார்கள். நேற்றுப் பார்த்த மூன்றாவது குதிரை இமைக்கவில்லை. அதன் சொந்தக்காரர், "இன்னொரு தடவை பாருங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.