தையில் கடைசி, ஆடியில் முதல்

கன்னிவாடிக்குக் கிழக்கே, குளத்துப் பாசன ஊர் ஒன்றில் அங்கம்மாள் கொத்துக்காரியாக இருந்தாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் பெண்களைத் திரட்டிக் கூட்டிப்போவது கொத்துக்காரியின் பாடு. இருபது பெண்கள் அவள் சொல்லுக்கு நடந்தார்கள். புருஷன் என்றோ போய்ச் சேர்ந்துவிட்டான். பண்ணைக்காரர்கள்கூட அவளிடம் எதிர்ப்பேச்சுப் பேச யோசிப்பார்கள்.

அவளிடம் விநோதமான பழக்கம் ஒன்று இருந்தது. தையில் அறுப்புக்குப் போகும்போது வரிசையில் கடைசி ஆளாக நடப்பாள். ஆடியில் வேலை தேடிப் போகும்போது முதல் ஆளாக நடப்பாள்.

"தையில எவ கூப்பிட்டாலும் வேல கெடைக்கும். அப்ப முன்னால போனா மண்டைக்கனம் ஏறிப்போகும். ஆடியில வாசலுக்கு வாசல் 'இல்ல போ'ம்பாக. அது மொதல்ல என் மூஞ்சியில விழட்டும்" என்பாள்.

காலம் மாறினால் ஆளும் இடம் மாறிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. நாற்காலி கிடைத்ததும் எழுந்திருக்க மறந்துபோகிறவர்களைத்தானே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்!

அறுபதுகளின் நடுவில் அந்தப் பாழும் வருஷம் வந்தது. புரட்டாசியில், கிணற்றில் கிடந்த கொஞ்சம் தண்ணீரை இறைத்து நாற்றுப் பாவியிருந்தார்கள். வழக்கப்படி ரங்கசாமியும் மற்ற வயல்காரர்களும் அங்கம்மாளுக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்தார்கள். அதை வாங்கிவிட்டால் நடவு அவள் கொத்துக்குத்தான். ஆனால் மழை பெய்து குளம் பெருகியதும் ஆள் தயாராக நிற்க வேண்டும்.

அந்த வாரமே வத்தலக்குண்டிலிருந்து ஒருவர் ஆள் தேடி வந்தார். கிணற்றுத் தோட்டத்தில் வெங்காய நடவு, அப்புறம் களை. குடும்பத்தோடு தங்கி வேலை செய்தால் கார்த்திகை முடிய கூலியும் கஞ்சியும் உண்டு. பெண்களுக்கு ஆசை வந்துவிட்டது. அவர்களில் மூக்காயிக்குத்தான் அதிக அவசரம். கையில் பால்குடிப் பிள்ளை; புருஷன் இருளப்பன் கால் ஒடிந்து படுத்துக் கிடந்தான்.

"போவோம் அயித்தே. வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கே தெரியாதும்பாக."

"ஐப்பசி என்னைக்குடி பொய்ச்சிருக்கு? வெத்தல வாங்கிட்டு ஓடுனா, நாளைக்கு இந்தக் கொளத்துல நமக்கு ஒரு வயக்கூடக் கெடைக்காது. பொறு ஆத்தா. அம்புட்டுப் பேருக்கும் நான் இருக்கேன்ல?"

அவள் சொன்னால் சொன்னதுதான். வந்தவர் திரும்பிப் போனார்.

ஐப்பசி பிறந்தது. தினமும் மலைமேல் மேகம் கூடும், பொழுது சாயக் கலைந்துவிடும். தீபாவளியும் புழுதியோடு போயிற்று. ஒருநாள் ரங்கசாமி மாட்டை அவிழ்த்துக் காய்ந்த நாற்றங்காலில் மேயவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் இனி நடவு இல்லை என்று அங்கம்மாளுக்கு உறைத்தது. வத்தலக்குண்டுக்கு ஓடினாள். அங்கே வேறு கொத்து வந்து பாதி வேலை முடிந்திருந்தது.

வீட்டிலிருந்த கம்பையும் சோளத்தையும் ஆளுக்குக் கொஞ்சமாக அளந்து கொடுத்தாள். இருபது வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? பெண்களில் பாதிக்கு மேல் மூட்டை முடிச்சோடு திசைக்கொன்றாகப் போனார்கள். புருஷனை விட்டுவிட்டுப் போக முடியாத மூக்காயி ஊரிலேயே கிடந்தாள். அவளுக்குப் பால் வற்றியது. கார்த்திகையில் பிள்ளை செத்துப்போனது.

அங்கம்மாள் அந்த வீட்டு வாசல் வரை போனாள், உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை. மாசங்களைப் பார்த்துப் பணிவு கற்றவள், அந்த மாசங்கள் தன் கைக்குள் இருப்பதாக நினைத்துவிட்டாள். வெட்கம் அவளைத் தின்றது.

தை பிறந்தது, வழி பிறக்கவில்லை. அறுக்க ஒரு கதிர் இல்லை. திண்டுக்கல் ரோட்டில் கல் உடைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மேஸ்திரியிடம் கெஞ்சி ஏழு பேருக்கு வேலை வாங்கி வந்தாள்.

விடிந்ததும் மிச்சமிருந்த பெண்கள் வந்தார்கள். மூக்காயியும் கூடையோடு வந்து நின்றாள். தை மாசமாயிற்றே, அங்கம்மாள் பழக்கதோஷத்தில் கடைசிக்குப் போனாள். யாரும் நகரவில்லை.

"மூக்காயி, இனிமே நீ முன்னால போத்தா. கொத்த நீ பாத்துக்க. எனக்கு அந்த யோக்கியத இல்ல."

மூக்காயி சுத்தியலை எடுத்துக் கூடைக்குள் போட்டாள்.

"நீயே போ அயித்தே. ஒன் முதுகப் பாத்து நடந்து பழகிப்போச்சு. ஒன் மூஞ்சியத்தான் பாக்க முடியல."

அங்கம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். ரோடு வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.