உட்கார்ந்தே தூங்கியவள்

என் மனைவிக்கு வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கியது. மேடு ஏறினால் யாருக்குத்தான் வாங்காது என்று மலையின்மேல் பழியைப் போட்டோம். தாலுகா அலுவலகத்தில் இருந்த எனக்கு, எந்த மனுவை எந்த மேசையில் தட்டி எழுப்ப வேண்டும் என்பது அத்துப்படி. அவளைக் கள்ளக்குறிச்சிக்கே மாற்றிக்கொண்டு வந்தேன். மூச்சிரைப்பும் கூடவே மாற்றலாகி வந்தது.

படுத்தால் இருமல். தலையணைமேல் தலையணையாக அடுக்கிப் பார்த்து, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஆஸ்துமா என்று மாத்திரை தந்தார்கள். புதிதாக வந்த டாக்டர் ஒருவர்தான் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, சின்ன வயதில் காய்ச்சலோடு முட்டி வீங்கியதுண்டா என்று விசாரித்தார். உண்டு. அந்தக் காய்ச்சல் முட்டியை விட்டுவிடும், இதயத்தை விடாது என்றார். இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு தடித்துச் சுருங்கிவிட்டதாம். ரத்தம் இறங்க வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறது. படுத்தால் இன்னும் தேங்கும். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போய் வால்வை விரித்துக்கொள்ளச் சொன்னார்.

இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த வாரம் அது. மறியல் முடியட்டும் என்றிருந்தோம். அவளுக்கு மூச்சு முட்டியதும் வாடகைக் காரில் கிளம்பினோம். தியாகதுருகம் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரங்கள். மறியலில் இருந்தவர்கள் காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாத்தான சார் இருக்கறாங்க," என்றார் ஒருவர். "நோயாளின்னா படுத்துக்கினு இல்ல வருவாங்க."

விளக்கிச் சொன்னேன். நம்பிய பிறகு அவர்களைப் போல் ஓடி உதவியவர்கள் இல்லை. மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு வேனைப் பிடித்தார்கள். அவளை அதுவரை தூக்கிப்போக, பக்கத்து வீட்டிலிருந்து கயிற்றுக்கட்டில் வந்தது. அதில் அவளைப் படுக்கவைத்தார்கள். எழுந்து உட்கார்ந்தாள். மறுபடியும் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். உட்காரத்தான் வேண்டும் என்று நான் சொன்னது எடுபடவில்லை.

"உக்காந்தா மரம் தாண்டுறப்ப வுழுந்துடுவாங்க சார். நீங்க கம்முனு வாங்க."

"படுத்தா மூழ்கறாப்ல இருக்குதுங்க," என்றாள் என்னிடம். கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மரமாகத் தாண்டினார்கள். வேனில் நிமிர்த்தி உட்காரவைத்தபோது வாயில் இளஞ்சிவப்பாக நுரை வந்திருந்தது. விழுப்புரம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் பாடையில் மல்லாக்கக் கிடத்தினார்கள். தலைக்கு உயரமாகத் தலையணை வையுங்கள் என்றேன். அப்படியொரு முறை கிடையாதே என்றார் ஒரு பெரியவர். முறையெல்லாம் எனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் நானே எடுத்து வந்தேன்.