மாமா துடைத்த பூச்சிகள்

நேற்று எதிர் ஃப்ளாட்டுப் பெண் ஒரு பெரணிச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் பழுப்புப் புள்ளிகள், தையல் போட்டது மாதிரி வரிசையாக. "பூச்சி விழுந்திருச்சுக்கா. மருந்து ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்தே போயிருப்பாள். பூவும் காயும் இல்லாத செடிக்கு அந்தப் புள்ளிகள்தான் விதை, தொடாதே என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு, வீட்டில் ஒரு சொட்டு வேப்பெண்ணெய் கிடையாது, ஆனாலும் அந்தக் கசந்த வாடை வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. உங்களுக்கும் இப்படி ஆகுமா, தெரியவில்லை.

நான் கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம் பிறந்தவள். அங்கே பெரணியை யாரும் வளர்ப்பதில்லை. சுவரில் ஈரம் இருந்தால் தானாகவே வந்துவிடும். என் அப்பாதான் அதையும் தொட்டிகளில் வைத்து, வீட்டின் வடக்குப் பக்க நிழலில் அடுக்கி, ஊரின் கிண்டலைச் சம்பாதித்தவர். நான் கல்யாணமாகிப் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துக்கு வந்த மறுவருடம் அவர் போய்விட்டார். அண்ணன் வீட்டை விற்றார். நான் ஒரு தொட்டியை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இது என்ன கீரை என்று கண்டக்டர் கேட்டார். எங்க அப்பா வீட்டுக் கீரை என்றேன்.

புதுக்கோட்டை வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் நிழல் என்று இருந்தது கிணற்றடி மட்டும்தான். ஒரு கறிவேப்பிலை மரம், இரண்டு வாழை. தேங்காய் நாரும் கரித்துண்டும் இலைமக்கும் கலந்து போட்டு, தொட்டியை நனைத்த செங்கல்மேல் வைத்து, மேற்கு வெயிலை மறைக்க ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன். எனக்குக்கூட நீ இவ்வளவு பார்த்ததில்லை என்று என் மகன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

என் மாமனார் ரிட்டையரான பஸ் டிரைவர். பேச்சு குறைவு. என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். செடி பூக்குமா என்று விசாரித்தார். பூக்காது மாமா என்றேன். காய்க்குமா என்றார். அதுவும் இல்லை. ஹாரன் இல்லாத பஸ்ஸைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

சித்திரையில் இலைகள் ஓரம் கருக ஆரம்பித்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடமிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இருக்காது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மாமா பார்த்திருக்கிறார் போல. ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்தால் தெருமுனையிலேயே வேப்பெண்ணெய் வாடை. கிணற்றடியில் மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பி, ஈரத்துணியால் துடைத்து, துணியை வாளியில் அலசி, இலைமேல் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் பூசி முடித்திருந்தார்.

"இதுனாலதான் கருகுது ஆத்தா. அடியில வரிசையா பூச்சி. ஒன்னு விடல."

எண்ணெய் பூசிய இலை அந்த வெயிலைத் தாங்குமா? அந்த வாரமே செடி வேரோடு போயிற்று. ஆசையாகச் செய்தவரிடம் என்னவென்று கோபிப்பது? என் கணவர்தான், அது பூச்சி இல்லை, விதை என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு அவருக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. காலையில் எழுந்ததும் தண்ணீர் இறைத்து, கிணற்றுச் சுவரின் வெளிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் தெளிப்பார். என் சாக்கையும் எடுத்து அங்கே தொங்கவிட்டார். கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்த கோடை அது. குடிக்கவே தண்ணீர் இல்லை, சுவருக்கு அபிஷேகமா என்று மாமியார் திட்டித் தீர்த்தார். சுவர் வெடித்துவிடும் என்று மாமா பயப்படுகிறார் என நானாக நினைத்துக்கொண்டேன். நம் மூளை அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒரு காலையில், "ஆத்தா, செத்த இங்கிட்டு வா" என்று கூப்பிட்டார். சாக்கை விலக்கினார். செங்கல் இடுக்குகளில், நுனி சுருண்ட பெரணிக் குஞ்சுகள், நகம் அளவுக்கு. துணி அலசிய வாளியை அன்றைக்கு அந்தச் சுவரில்தான் கொட்டினாராம்.

"நான் தொடச்சுப் போட்ட பூச்சிதான். ஒங்க அப்பா வீட்டுது."

அவர் முன்னால் நான் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான்.

அந்தச் சுவரிலிருந்து எத்தனையோ வீடுகளுக்குச் செடி போயிருக்கிறது. கேட்பவர்களிடம் முதலில் எங்கள் அப்பா செடி என்றுதான் சொல்வேன். எப்போதிலிருந்து மாமா செடி என்று சொல்ல ஆரம்பித்தேன் என்பது எனக்கே தெரியாது.

மாமா இப்போது இல்லை. கிணற்றைத் தூர்த்து, மேலே சிமென்ட் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். என் ஃப்ளாட் பால்கனியில் அந்தச் சுவர்ப் பெரணிகள் செழிப்பாக இருக்கின்றன; அவற்றுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது அவரை மனதுக்குள் கும்பிடாத நாள் இல்லை. தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு கோடை முழுக்க வெறும் சுவருக்குத் தண்ணீர் தெளித்த அப்படி ஒரு மனிதரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.